அச்சமும் உருபும்

மனிதர்களைப் போலவே சொற்களுக்கும் உறவினர் உண்டு. ஒரு சொல் எந்தச் சொல்லோடு கூடி வாழும், எதனோடு கூடினால் குடும்பம் கலையும் என்பதை அகராதியைப் புரட்டி மட்டும் அறிந்துவிட முடியாது. அவ்வுறவை அறியாமல் நான் செய்த ஒரு பிழையால், ஒரு தந்தையும் மகனும் ஏறக்குறைய மூன்று திங்கள் ஒருவரோடொருவர் பேசாதிருந்தனர். பிழை ஒரே ஒரு சிறிய சொல்லில் இருந்தது. ஆங்கில எழுத்தில் இரண்டே எழுத்து. ஆண்டுகள் பல கழிந்த பின்னும் அந்த இரண்டு எழுத்தை எழுதும்போதெல்லாம் என் கை ஒருகணம் தயங்குகிறது.

நான் 1971-ஆம் ஆண்டு பெங்களூரில் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் தட்டச்சராகச் சேர்ந்தேன். குடியிருப்பு அல்சூரில். அந்நாளில் தண்டுப் பகுதித் தமிழர் வீடுகளில் தமிழும், தெருவில் கன்னடமும், தொழிற்சாலைப் பலகைகளில் ஆங்கிலமும் ஆட்சி செய்தன. மூன்று மொழிகளுக்கும் இடையே ஓடும் ஓடத்தைப் போல என்னைப் போன்ற எழுத்தர்கள் இருந்தோம். நண்பகல் உணவு வேளையில் என் மேசையருகே இரண்டு மூன்று பேராவது நிற்பார்கள். ஒருவருக்குக் கடன் விண்ணப்பம். இன்னொருவருக்கு மாற்றல் வேண்டுகோள். மற்றொருவருக்கு மகளின் பள்ளிக்கு ஒரு கடிதம். எனக்கும் அதில் சிறிது பெருமை இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. ஆங்கிலம் அறிந்தவன் என்ற பெயர் அக்காலத்தில் ஊதிய உயர்வுக்கு நிகரானது.

வார்ப்படப் பகுதியில் பணிபுரிந்த ஒரு பெரியவர் என்பால் மிகுந்த அன்புடையவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை 'அண்ணே' என்றழைப்பேன். அவருடைய ஒரே மகன் வடஆர்க்காட்டு மாவட்டத்தில் ஒரு தொழிற்பயிற்சிப் பள்ளியின் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். 1977-ஆம் ஆண்டு மழைக்காலம் முடியும் தறுவாயில் ஒருநாள் அவர் என்னிடம் வந்தார். கையில் மகன் எழுதிய அஞ்சலட்டை இருந்தது. விடுதிக்கு அருகே கல்லுடைத்த பள்ளம் ஒன்றில் நீர் நிறைந்திருப்பதாகவும், மாணவர்கள் மாலையில் அங்கே குளிக்கச் செல்வதாகவும், தானும் செல்லப் போவதாகவும் பையன் எழுதியிருந்தான். பையனுக்கு நீச்சல் தெரியாது.

"தம்பி, பையனை நெனச்சாப் பயமா இருக்கு. விடுதி ஐயாவுக்கு இங்கிலீசுல ஒரு கடுதாசி எழுதிக் குடு. கல்லுப் பள்ளத்தைப் பத்தி எழுதிடாதே. நான்தான் காட்டிக் குடுத்தேன்னு அவன் கோவிச்சுக்குவான். கொஞ்சம் கண்டிப்பா பார்த்துக்கணும்னு மட்டும் எழுது" என்றார்.

நான் எழுதினேன். 'அச்சம்' என்பதற்கு 'ஃபியர்'. பள்ளியில் ஆசிரியர் கரும்பலகையில் எழுதிப் போட்டு மனப்பாடம் செய்வித்த பட்டியல் நினைவில் இருந்தது: 'ஃபியர்' என்றால் 'ஆஃப்'. ஆகவே 'ஃபியர் ஆஃப் மை சன்' என்று எழுதினேன். எனக்கு என் மகனைப் பற்றிப் பேரச்சம் உள்ளது. அவனைக் கண்டிப்பான மேற்பார்வையில் வைத்திருக்க வேண்டுகிறேன் என்பது என் கருத்து. அழகாகத் தட்டச்சுச் செய்து, பெரியவரிடம் கையொப்பம் வாங்கி, உறையிலிட்டுக் கொடுத்தேன். அவர் என் கையைப் பற்றிக்கொண்டு நன்றி கூறினார்.

விடுதிப் பொறுப்பாளர் ஆங்கிலம் நன்கறிந்தவர். அவர் படித்தபடி அக்கடிதத்தின் பொருள் வேறு. 'ஃபியர் ஆஃப்' என்றால் அச்சத்திற்குக் காரணமானது மகன். மகனைக் கண்டு தந்தை நடுங்குகிறார். 'ஃபியர் ஃபார்' என்று எழுதியிருந்தால்தான் மகனுக்கு என்ன நேருமோ என்று தந்தை கலங்குகிறார் என்று பொருள். தந்தையை அச்சுறுத்தும் முரடன் ஒருவன் தம் விடுதியில் இருக்கிறான் என்று அவர் முடிவு செய்துவிட்டார். மாணவர் எல்லோர் முன்னிலையிலும் பையனை அழைத்து, பெற்ற தந்தையைக் கை நீட்டியவன் என்று கடிந்துரைத்தார். அவன் செய்யாத குற்றம். தந்தையே எழுதியனுப்பிய குற்றச்சாட்டு. பையன் வீட்டுக்குக் கடிதம் எழுதுவதை நிறுத்திவிட்டான். 1978-ஆம் ஆண்டுப் பொங்கலுக்கும் வரவில்லை.

பெரியவர் ஒன்றும் புரியாமல் தவித்தார். பொங்கல் கழிந்து விடுதியிலிருந்து வந்த மறுமொழியை என்னிடம் கொண்டுவந்தார். தங்கள் மகன் இனித் தங்களைத் துன்புறுத்தமாட்டான் என்று உறுதி கூறுவதாக அதில் இருந்தது. முதல் வாசிப்பில் எனக்கு வியப்பு. இரண்டாம் வாசிப்பில் உடல் வியர்த்தது. என் கோப்பிலிருந்த கார்பன் படியை எடுத்துப் பார்த்தேன். 'ஆஃப்' என்ற அந்தச் சின்னஞ்சிறு சொல் என்னைப் பார்த்து நகைப்பது போலிருந்தது.

தண்டுப் பகுதியின் பெரிய பெரிய அதிகாரிகளுக்கெல்லாம் வரைவுகள் எழுதியவன் நான். என் பிழையை ஒரு வார்ப்படத் தொழிலாளியிடம் ஒப்புக்கொள்வதற்கு எனக்கு ஒரு முழுப் பகலும் ஓர் இரவும் தேவைப்பட்டன. மறுநாள் சொன்னேன். அவர் சினக்கவில்லை. "ஒரு வார்த்தையா தம்பி? ஒரே ஒரு வார்த்தையா?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். அவர் வைது தீர்த்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் தண்டு ரயில் நிலையத்தில் வண்டியேறி, ஜோலார்பேட்டையில் இறங்கி, பேருந்து பிடித்து அவ்விடுதிக்குச் சென்றோம். பொறுப்பாளரிடம் நான் உண்மையைக் கூறினேன். நல்ல மனிதர், உடனே பையனை அழைப்பித்து, அன்று சொன்னவாறே இன்றும் எல்லோர் முன்னிலையிலும் தம் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பையன் என்னையும் பார்க்கவில்லை, தந்தையையும் பார்க்கவில்லை. நாங்கள் புறப்படும்போது மட்டும், ஒன்றும் பேசாமல் வந்து, தந்தையின் கையிலிருந்த மஞ்சட்பையை வாங்கிக்கொண்டு பேருந்து நிறுத்தம் வரை நடந்தான். வழி நெடுகப் பெரியவர் கண்களைத் துடைத்துக்கொண்டே வந்தார். நான் பத்தடி பின்தங்கி நடந்தேன்.

அதன்பின்தான் இச்சிறு சொற்களைக் குறித்து எண்ணத் தொடங்கினேன். பெயர்ச்சொல்லுக்கு முன் நின்று உறவு காட்டும் இவற்றை நம் பள்ளி ஆசிரியர்கள் முன்னிடைச்சொற்கள் என்று தமிழ்ப்படுத்திச் சொல்வார்கள். நம் வேற்றுமை உருபுகள் பெயருக்குப் பின்னே ஒட்டிக்கொண்டு வருகின்றன. அவர்களுடைய உருபுகள் பெயருக்கு முன்னே தனித்து நிற்கின்றன. இடம் மாறினாலும் தொழில் ஒன்றுதான். ஆனால் ஆங்கிலத்தில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் தனக்கென ஒரு துணையைத் தேர்ந்துகொண்டிருக்கிறது. தமிழில் நாம் 'காரணம்' என்ற ஒரே சொல்லால் சுட்டுவதை அவர்கள் 'ரீசன்' என்றால் 'ஃபார்' சேர்ப்பார்கள். 'காஸ்' என்றால் 'ஆஃப்' சேர்ப்பார்கள். விலை உயர்வை நாம் 'விலையின் ஏற்றம்' என்று எண்ணி 'ரைஸ் ஆஃப் பிரைஸ்' என்று எழுதிவிடுகிறோம். அவர்கள் வழக்கிலோ 'ரைஸ் இன்'. சுவை என்ற பொருளில் 'டேஸ்ட் ஆஃப்'. அச்சொல்லே ஈடுபாடு என்ற பொருளில் வந்தால் 'டேஸ்ட் ஃபார்'.

இன்னொரு வலையும் உண்டு. பெயருக்குரிய துணையை வினைக்கும் சேர்த்துவிடுவது நம் நாட்டவர் வழக்கம். கலந்துரையாடல் என்னும் 'டிஸ்கஷன்' 'அபவுட்' என்பதை ஏற்கும். 'டிஸ்கஸ்' என்ற வினை எதனையும் ஏற்காமல் நேரே பொருளைத் தழுவும். ஆனால் நம் அலுவலகங்களில் 'டிஸ்கஸ் அபவுட்' என்று எழுதாத கை அரிது. 'ஒன்றைப் பற்றி' என்ற நம் சொல்லுருபு உள்ளத்தில் முன்னதாகவே வந்து அமர்ந்துகொள்வதும் இதற்கொரு காரணம். பிழை செய்பவன் ஆங்கிலத்தில் எழுதுகிறான். ஆனால் அவனுக்குள் அவன் தாய்மொழி பேசிக்கொண்டிருக்கிறது.

என் நண்பர் ஒருவர் ஆங்கில ஆசிரியர். பெங்களூரில் 1963-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட, தென் மாநிலங்களின் ஆசிரியர்களுக்குப் பயிற்சியளிக்கும் ரீஜனல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் இங்கிலீஷில் பயின்றவர். அவரிடம் என் கதையைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "நீங்கள் சொல்லைக் கற்றீர்கள், சொல்லின் சுற்றத்தைக் கற்கவில்லை" என்றார். அவர் வாயிலாகவே ஹார்ன்பியின் அகராதி எனக்கு அறிமுகமாயிற்று.

அவ்வகராதியின் வரலாறு ஆசியர்களாகிய நமக்குச் சுவையானது. அது முதலில் வெளிவந்தது இலண்டனில் அன்று. ஹரால்டு பாமர் என்ற ஆங்கிலேயர் 1922-இல் சப்பானுக்குச் சென்று, ஆங்கிலம் கற்பிப்பதற்கான ஆய்வு நிலையம் ஒன்றைத் தோக்கியோவில் நடத்தினார். சப்பானிய மாணவர்கள் எந்தெந்தச் சொல்லை எதனோடு சேர்ப்பது என்று அறியாமல் இடறுவதைக் கண்ட அவர், சொற்கள் கூடி வரும் தொடர்களைத் தொகுத்து 1933-இல் ஓர் அறிக்கையை வெளியிட்டார். அவருடன் உழைத்த ஏ. எஸ். ஹார்ன்பி வேறு இருவருடன் சேர்ந்து உருவாக்கிய அகராதி 1942-இல், போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், தோக்கியோவிலேயே வெளிவந்தது. பின்னர் 1948-இல் ஆக்ஸ்போர்டு அச்சகம் அதனை மேற்கொண்டது. பிறப்பால் ஆங்கிலேயனுக்குத் தேவைப்படாத நூல் அது. அயலவன் இடறி விழுந்த இடங்களிலெல்லாம் விளக்கேற்றி வைக்க எழுந்த நூல்.

மொழியியலறிஞர் ஜே. ஆர். ஃபர்த் 1919 முதல் 1928 வரை இலாகூரில் பேராசிரியராக இருந்தவர். ஒரு சொல்லை அதனுடன் கூடியிருக்கும் சொற்களைக் கொண்டே அறியவேண்டும் என்ற கருத்தை 1957-இல் அவர் எழுதி வைத்தார். மனிதனை அவன் சேர்ந்த இனத்தைக் கொண்டு அளக்கவேண்டும் என்பதற்குத் தனி அதிகாரமே வகுத்த வள்ளுவர் பிறந்த மண்ணில் உள்ள நமக்கு இக்கருத்து அயலானதன்று. ஃபர்த்துக்குப் பின் வந்தவர்கள் இலட்சக்கணக்கான சொற்களைக் கணிப்பொறியில் ஏற்றி, எச்சொல் எதனுடன் எத்தனை முறை கூடுகிறது என்று எண்ணத் தொடங்கினர். நம் நாட்டிலும் கோலாப்பூர் சிவாஜி பல்கலைக்கழகத்தில் எஸ். வி. சாஸ்திரி தலைமையில், 1978-ஆம் ஆண்டில் இந்தியாவில் அச்சான ஆங்கில எழுத்துகளிலிருந்து பத்து இலட்சம் சொற்கள் தொகுக்கப்பட்டன. நான் அந்த விடுதிக்குப் பயணம் செய்த அதே ஆண்டு. அத்தொகுப்பைப் பற்றி அறிந்தபோது, என்னைப் போன்றவர்கள் எழுதிய ஆங்கிலமும் ஆராய்ச்சிக்குரிய பொருளாயிற்று என்று சிறிது ஆறுதல் கொண்டேன்.

ஆயினும் என்னை உண்மையில் நாணச் செய்தது ஆங்கில நூல் அன்று, நம் தொல்காப்பியம். ஓய்வு பெற்ற பின்னர், அல்சூர் ஏரிக்கரையை ஒட்டிய நம் சங்கத்து நூலகத்தில் அமர்ந்து சொல்லதிகாரத்தைப் பொறுமையாகப் படித்தேன். பள்ளியில் தேர்வுக்காகப் படித்ததை வாழ்வுக்காகப் படிக்கும்போதுதான் அது கண் திறக்கிறது. வேற்றுமையியலில் ஆசிரியர் ஒவ்வொரு வேற்றுமைக்கும் உரிய பொருள்களை நிரல்படத் தொகுத்திருக்கிறார். ஐந்தாம் வேற்றுமைக்கு உரியவற்றுள் அச்சமும் ஒன்று. அடுத்து வேற்றுமை மயங்கியலில், அச்சப் பொருள்படும் சொற்களுக்கு ஐந்தாம் வேற்றுமையும் இரண்டாம் வேற்றுமையும் ஒப்ப வரும் என்று தனியே ஒரு விதி செய்கிறார். பழியின் அஞ்சினாலும் பழியை அஞ்சினாலும் பொருள் ஒன்றே. எந்தச் சொல் எந்த உருபை நாடும் என்ற ஆராய்ச்சி, அதிலும் அச்சம் என்ற இச்சொல்லைப் பற்றிய ஆராய்ச்சியே, நம்மிடம் அத்தனை பழமையாக இருந்திருக்கிறது!

சார்தல் என்ற சொல்லுக்கும் அவர் இவ்வாறே நுட்பம் காட்டுகிறார். தூணைச் சார்ந்து நிற்பது உடலால் சார்வது. அரசனைச் சார்ந்து வாழ்வது உள்ளத்தாலும் வாழ்வாலும் சார்வது. பின்னதற்கு இரண்டாம் உருபோடு 'கண்' என்ற ஏழாம் உருபும் உரியது என்பது விதி. ஒரே சொல்லாயினும் பொருள் நுண்ணிதாக வேறுபடும்போது அதன் துணையும் வேறுபடலாம் என்பதை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல இயலும்?

பின்னர் நன்னூலைப் புரட்டினேன். அந்நூல் நம் பகுதிக்கு ஒரு வகையில் உறவுடையது. பவணந்தி முனிவரை அதனை இயற்றச் செய்த சீயகங்கன், கோலாரின் பழம்பெயராகிய குவளாலபுரத்தைத் தன் பட்டங்களுள் ஒன்றாகக் கொண்ட கங்கர் மரபினன். நன்னூலார் நான்காம் உருபாகிய 'கு' என்பதற்குரிய பொருள்களை அடுக்குகையில், கொடையையும் பகையையும் பொருட்டையும் ஒன்றாகச் சேர்த்துரைக்கிறார். நான் புத்தகத்தை மூடிவிட்டுச் சிறிது நேரம் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பகைக்கும் 'கு', பொருட்டுக்கும் 'கு'. பாம்புக்குப் பகை என்பதிலும் பிள்ளைக்குப் பால் என்பதிலும் உருபு ஒன்றே. எதிர்த்து நிற்பதும் ஏந்தி நிற்பதும் ஓர் எழுத்துக்குள் அடங்கிக் கிடக்கின்றன.

இன்றைய தமிழில் அச்சம் பெரும்பாலும் இந்த நான்காம் உருபையே நாடுகிறது. 'நாய்க்கு அஞ்சுகிறான்' என்கிறோம். கன்னட நண்பர்களும் 'நாயிகெ' என்று அதே உருபைக் கொண்டே சொல்கிறார்கள். ஆனால் பொருட்டு என்ற கருத்து ஐயமறத் தோன்ற வேண்டுமானால் இரு மொழியினரும் அவ்வுருபோடு இன்னொன்றைச் சேர்த்து விடுகிறோம். 'மகனுக்கு அஞ்சுகிறேன்' என்பது வேறு. 'மகனுக்காக அஞ்சுகிறேன்' என்பது வேறு. கன்னடத்தில் 'மகனிகெ' என்பது வேறு. 'மகனிகாகி' என்பது வேறு. ஆங்கிலம் 'ஆஃப்', 'ஃபார்' என்று பிரித்துக் காட்டுவதை, நம் வீட்டுக் குழந்தையும் பக்கத்து வீட்டுக் குழந்தையும் 'ஆக', 'ஆகி' என்று பிரித்துக் காட்டுகின்றன.

இங்கேதான் என் பிழையின் வேரைக் கண்டேன். ஆங்கிலம் போதாமையால் அப்பிழை நேர்ந்ததென்று நெடுங்காலம் எண்ணியிருந்தேன். உண்மை அதுவன்று. பெரியவர் 'பையனை நெனச்சாப் பயமா இருக்கு' என்றபோது, அது மகனுக்கு அஞ்சும் அச்சமா, மகனுக்காக அஞ்சும் அச்சமா என்று தமிழில் ஒருகணம் எனக்குள் கேட்டுக்கொண்டிருந்தால் போதும்; பிழை வந்திராது. நான் கேட்கவில்லை. மனப்பாடப் பட்டியல் என் கைக்குள் தயாராக இருந்தது. அவர் குரலில் இருந்த நடுக்கத்தைக் காது கேட்டது, பட்டியல் கேட்கவில்லை. பட்டியல் பொய் சொல்லவுமில்லை. 'ஃபியர்' என்ற சொல்லின் பெரும்பான்மைத் துணை 'ஆஃப்' என்பது மெய்தான். பெரும்பான்மை வழக்கு ஒன்று; இந்த மனிதன் இப்போது சொல்ல விரும்புவது ஒன்று.

இக்காலத்தில் என் பேரனின் கைப்பேசியில் ஒரு சொல்லைத் தட்டினால் அடுத்த சொல்லை அதுவே எடுத்து நீட்டுகிறது. ஒருநாள் அவனிடம் 'ஃபியர்' என்று தட்டச் சொன்னேன். 'ஆஃப்' என்றே முதலில் நீட்டியது. நான் சிரித்துவிட்டேன், பேரனுக்குக் காரணம் புரியவில்லை. கோடிக்கணக்கான தொடர்களைக் கற்ற அப்பொறி, சொற்களின் சுற்றத்தை என்னைவிடப் பன்மடங்கு அறிந்தது. ஆனால் உணவு வேளையில் மேசையருகே அஞ்சலட்டையும் கையுமாக நின்ற தந்தையின் முகத்தை அது கண்டதில்லை. கண்ட நானே தவறினேன் என்றால், காணாத அதனைக் குறை கூறுவது எவ்வாறு?

வழக்கை அறிவது கற்பவன் கடமை. எப்பெயர் எத்துணையை நாடும் என்பதைத் தொடரோடு தொடராகக் கற்கவேண்டும். தனிச்சொல்லாகக் கற்றால் அது ஒற்றைச் செருப்பைப் போலக் கிடக்கும். இன்று சில மாலைகளில் என்னிடம் தமிழ் கற்க வரும் கன்னட, மலையாள இளைஞர்களிடமும் இதையே சொல்கிறேன். 'அன்பு' என்று மட்டும் எழுதாதீர்கள், 'ஒருவர்மீது அன்பு' என்று எழுதுங்கள். 'நன்றி' என்று மட்டும் எழுதாதீர்கள், 'உதவிக்கு நன்றி' என்று எழுதுங்கள். 'பயிற்சி' என்றால் 'ஒன்றில் பயிற்சி' என்று எழுதுங்கள் என்பேன். அவர்கள் எழுதிக்கொள்வார்கள். 'அச்சம்' என்ற சொல் வரும்போது மட்டும் இரண்டு வரிகள் எழுதச் சொல்வேன். மகனுக்கு அச்சம், மகனுக்காக அச்சம். ஏன் இரண்டு என்று எவரேனும் கேட்டால் மஞ்சட்பையின் கதையைச் சொல்வேன்.

அந்தப் பெரியவர் மறைந்து ஆண்டுகள் பல ஆயின. இறுதிச் சடங்கு அன்று அவர் மகன், தலை நரைத்தவர், என்னிடம் வந்து நின்றார். அவ்விடுதியைப் பற்றி நாங்கள் இருவரும் அதுவரை ஒரு சொல்லும் பேசியதில்லை. "அப்பா கடைசி வரைக்கும் நான் குளிக்கப் போனா வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டே இருப்பாரு, சித்தப்பா" என்றார். முதன்முறையாக என்னைச் சித்தப்பா என்று அழைத்தார். அந்த அச்சத்திற்கு உரிய உருபு எது என்று அன்று எனக்கு ஐயம் எழவில்லை.